அமைதிப் போத்தல்

குருநகர்,
12.01.2025

அன்பின் தங்கச்சி றொசாந்திக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அவரும் மகள் லவீனாவும் சுகம். நீயும் வவுனியாவில் உன்னுடைய நாலுகால் பிள்ளைகளும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உங்கள் நாய்ப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிப் போத்தல்களும் வெள்ளைத் துணித்துண்டுகளும் ஒரு படிவமும் தந்துவிட்டுப் போனார். இவருக்கு அந்தப் பயப் பதகளிப்பு வரும் நேரம் பிடரியையும் உள்ளங்கையையும் துணியால் துடைத்துப் போத்தலுக்குள் போட்டு இறுக்கி மூடவேண்டுமாம். என் கை துணியில் படக்கூடாதாம். நாய் அந்த வியர்வை மணத்தைப் படித்துவிட்டு, இனிமேல் அவருக்குப் பதகளிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுமாம். நல்ல விசயம். பதினொரு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். எனக்கு ஒருவரும் படிவம் தரவில்லை.

படிவத்தில் 'என்ன நடந்தது' என்பதற்கு இரண்டு வரிதான் விட்டிருக்கிறீர்கள். அது எனக்குக் காணாது. ஆகவே ஒவ்வொரு முறையும் போத்தல் பெட்டியோடு ஒரு கடிதமும் வரும். போனில் பேசலாம்தான். நத்தார்ப் பண்டிகைக்குப் பேசியதை நினைத்துப் பார். அவரோடு முக்கால் மணித்தியாலம் கதைத்தாய். என்னிடம், "அக்கா, சுகமோ? சரி, வைக்கிறன்" என்றாய். அதற்குப் பிறகு நான் சொன்னதையும் நீ திருப்பிச் சொன்னதையும் இங்கே எழுதவேண்டாம். கடிதமென்றால் கோபம் வரும்போது பேனையைக் கீழே வைக்கலாம்.

வியாழக்கிழமை சந்திக் கடையில் காஸ் சிலிண்டர்களை லொறியிலிருந்து உருட்டிப் போட்டார்கள். இவர் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், அப்படியே குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார். நெற்றியில் மூன்று தையல். நான் போய்ப் பிடரியைப் பிடித்து, பேரைச் சொல்லிச் சொல்லி இருபது நிமிடத்தில் தன்னிலைக்குக் கொண்டுவந்தேன். அந்த இருபது நிமிடத்தில் துணியைத் தேடக் கை வரவில்லை. அடுத்த முறை எடுக்கிறேன்.

உன் அன்புள்ள அக்கா
சிசிலியா


வவுனியா,
21.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானின் தையல் ஆறிவிட்டதா? எனக்கு இடுப்பு நோவைத் தவிர வேறு குறையில்லை, அது நாய்கள் தந்த பரிசு.

அத்தானுக்கென்று தெரிந்தெடுத்த நாயின் பெயர் ஜூலி. தவிட்டு நிறம், இரண்டு வயது, பொறுமைசாலி. வேலை இதுதான். பதகளிப்பின் மணம் வந்ததும் ஆளுக்கு முன்னால் போய் உட்காரும். ஆள் கவனிக்காவிட்டால் தலையை மடியில் வைத்து அழுத்தும். அதைக் கண்டு அத்தான் கீழே குந்திக்கொண்டால் விழமாட்டார். விழமாட்டார் என்றால் திரும்பவும் கடலுக்குப் போகலாம், சந்தைக்குத் தனியாகப் போகலாம்.

இரண்டு விதப் போத்தல் வேண்டும். பதகளிப்பு நேரத்துத் துணி ஒன்று. அதே ஆள் நிம்மதியாக இருக்கும் நேரத்துத் துணி இன்னொன்று. இதை நாங்கள் அமைதிப் போத்தல் என்போம். இரண்டையும் மணந்து பார்த்தால்தான் ஆளின் மணம் எது, பயத்தின் மணம் எது என்று நாய் பிரித்தறியும். எடுத்த உடனேயே லேபிளில் திகதி எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. நாய் வீட்டுக்கு வந்தால் முதல் மூன்று மாதமும் அத்தான்தான் சாப்பாடு வைக்கவேண்டும், அத்தான்தான் தடவவேண்டும். நீங்களும் லவீனாவும் கூப்பிடக்கூடாது. கோபிக்கவேண்டாம், இது எல்லா வீட்டுக்கும் உள்ள சட்டம்.

அன்புடன் தங்கை
றொசாந்தி


குருநகர்,
16.02.2025

அன்பின் றொசாந்திக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் இடுப்புக்குச் சித்தாலேபத் தைலம் வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், நாய் நக்காமல் பார்த்துக்கொள்.

ஜூலியா? எங்கள் ஒழுங்கையில் ஜூலி என்று இரண்டு பொம்பிளைகள் இருக்கிறார்கள். "ஜூலி, வாடி" என்று இவர் வாசற்படலையில் நின்று கூப்பிட்டால் ஊர் என்ன நினைக்கும்? ஆண் நாயே கிடைக்கவில்லையா உங்களுக்கு?

சட்டத்தையும் வாசித்தேன். என் வீட்டில் நான் சோறு போடக்கூடாத ஒரு வாய் வரப்போகிறது. அது இவருக்குப் பக்கத்தில் படுக்கும், இவரோடு கரைக்குப் போகும், இவர் கையால் தின்னும். நான் மீன் வெட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். நேற்று இவரிடம் அதைச் சொன்னேன். "ஒரு நாயோடையுமோ எரிச்சல்?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு மாதம் இருக்கும். அதுவும் நாயின் கதைக்குத்தான் வந்தது.

நாலு பதகளிப்புப் போத்தலும் ஒரு அமைதிப் போத்தலும் அனுப்புகிறேன். பதகளிப்பு இந்த மாதம் நாலு முறை வந்தது: ஒன்று தகரம் விழுந்ததற்கு, ஒன்று ஹெலிகொப்டருக்கு, மற்ற இரண்டும் ஏனென்று தெரியாது. அமைதித் துணிதான் பாடாய்ப் படுத்தியது. இப்போது எடுக்கலாம், பிறகு எடுக்கலாம் என்று பதினெட்டு நாள் போய்விட்டது.

அக்கா
சிசிலியா


வவுனியா,
05.03.2025

அன்புள்ள அக்கா,

சித்தாலேபவுக்கு நன்றி. இடுப்பு பரவாயில்லை. லவீனாவுக்கு இருமல் என்று அத்தான் சொன்னார், நின்றுவிட்டதா என்று எழுதுங்கள்.

உங்கள் பதகளிப்புப் போத்தல்கள் போல இதுவரை எங்களுக்கு வந்ததில்லை. மற்ற நாய்கள் ஒரு மாதம் எடுப்பதை ஜூலி எட்டு நாளில் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு போத்தல்களை வரிசையாக வைத்தால் நேரே போய் அதன் முன்னால் உட்காருகிறாள். எங்கள் பொறுப்பாளர், "இது சரியான கடும் பயம், ஆள் எப்பிடித் தாங்குது?" என்று கேட்டார்.

ஆனால் அமைதிப் போத்தலுக்கு முன்னாலும் உட்காருகிறாள். ஒருவேளை லேபிள் மாறிவிட்டதோ? அத்தான் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து இன்னொன்று எடுத்து அனுப்புங்கள். அவசரமில்லை.

அத்தான் போன கிழமை போன் எடுத்தவர். பழைய கதைகள் கொஞ்சம் கதைத்தோம். நித்திரை பரவாயில்லை என்றார்.

தங்கை
றொசாந்தி


குருநகர்,
02.04.2025

றொசாந்திக்கு,

சுகம். லவீனாவின் இருமல் நின்றுவிட்டது.

இரண்டாவது அமைதிப் போத்தல் இதோடு வருகிறது. பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, மர வாங்கில் சாய்ந்திருந்தபோது எடுத்தது. இதைவிட அமைதியாக எங்கள் வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை.

பழைய கதை என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பழைய கதை? யுத்தத்தில் பாதை பூட்டியபோது நீ கிளிநொச்சியில் மாமி வீட்டில் அகப்பட்டாய். பிறகு உன்னையும் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. கடைசி மாதங்களில் நீயும் அவரும் ஒரே பதுங்குகுழியில் இருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்டால், "அதை விடு, சிசிலியா" என்பார். உன்னிடம் மட்டும் விடாமல் கதைக்கிறார். உன்னைத் தேடி எங்கள் படலைக்கு வந்தவர் என்னைக் கட்டினார் என்று சனம் சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

பேனையைக் கீழே வைக்கிறேன்.

சிசிலியா


வவுனியா,
28.05.2025

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? உடனே பதில் போடவில்லை. போட்டிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன்.

இரண்டாவது அமைதிப் போத்தலுக்கு முன்னாலும் ஜூலி உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஒரு நேரமேனும் பயமில்லாமல் இருக்கமாட்டாரா என்று எனக்கே கவலையாக இருக்கிறது. கடைசியாக ஒன்று முயற்சி செய்யுங்கள்.

ஜூன் ஒன்பது தொடக்கம் பதினைந்து வரை அத்தான் இங்கே வந்து தங்கி ஜூலியோடு பழகவேண்டும். ஆறு பேர் வருகிறார்கள். எங்கடை பக்கத்து ஆட்கள் நால்வர், காலிப் பக்கத்து முன்னாள் ஆமிக்காரர் இருவர். குடும்பத்தவர்கள் வரமுடியாது. இதுவும் சட்டம்தான், நான் போட்டதல்ல.

றொசாந்தி


குருநகர்,
14.06.2025

றொசாந்திக்கு,

நானும் லவீனாவும் சுகம். மூன்றாவது ஆள் எப்படி என்று உனக்குத்தான் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தேன். "ஜூலி என்ரை காலுக்கை படுத்திருக்கு, பிறகு எடுக்கிறன்" என்றார். பின்னால் உன் சத்தம் கேட்டது. நீ ஏதோ சொல்ல அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயிறு எரிகிறது, றொசாந்தி. மறைத்து என்ன? உனக்கு அவருடைய யுத்தம் கிடைத்தது, நாய்க்கு அவருடைய சிரிப்பு கிடைத்தது. எனக்கு அந்த இருபது நிமிடம்தான் கிடைத்தது. இப்போது அதையும் உங்கள் இரண்டு பேருக்கும் பங்கு வைக்கப்போகிறேன்.

மூன்றாவது அமைதிப் போத்தல் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் புறப்பட முதல் எடுத்தது.

சிசிலியா


வவுனியா,
20.07.2025

அன்புள்ள அக்கா,

நீங்களும் அத்தானும் லவீனாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூலி நன்றாகச் சாப்பிடுகிறாளா?

போன சனிக்கிழமை ஜூலியைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நடந்ததை ஒருமுறை எழுதுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்தீர்கள். ஒழுங்கையில் யாரோ வெடி கொளுத்தினார்கள். அத்தானின் முகம் வெளுத்தது. ஜூலி எழுந்தாள். அத்தானைத் தாண்டிப் போய் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் கயிற்றில் இழுத்தேன், வரவில்லை. நீங்கள் காலால் தள்ளினீர்கள். திரும்பி வந்து தலையை உங்கள் மடியில் வைத்து அழுத்தினாள். அன்று மூன்று முறை அப்படி நடந்தது. இங்கே வவுனியாவில் அத்தானுக்கு ஒருநாள் வந்தபோதும் ஜூலி அசையவில்லை, புது இடம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

திரும்பி வந்து உங்கள் போத்தல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது அமைதிப் போத்தலின் லேபிளில் உங்கள் கையெழுத்தில் 13.06 என்று திகதி இருக்கிறது. அன்று அத்தான் இங்கே என் கண்ணுக்கு முன்னால் நாய் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா, அந்தத் துணிகள் யாருடையவை?

றொசாந்தி


குருநகர்,
19.08.2025

அன்பின் றொசாந்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு ஒரு மாதம் எடுக்கவில்லை.

எல்லாம் என்னுடையவை. பதகளிப்பு நாலும், அமைதி மூன்றும்.

முதல்முறை துணியை அவருடைய பிடரிக்குக் கொண்டுபோனேன். அது நான் பிடிக்கிற இடம், றொசாந்தி. அவர் வேறெங்கும் என்னைத் தேடுவதில்லை. அந்த நேரத்தில் மட்டும் என் கையைத் தேடுவார். அதைத் துடைத்துப் போத்தலில் அடைத்து ஒரு நாய்க்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதே துணியால் என் கழுத்தைத் துடைத்துப் போட்டுவிட்டேன். நாய் ஒன்றும் படிக்காது, உதவாத நாய் என்று திருப்பி எடுப்பீர்கள், உன்னுடைய போனும் நிற்கும் என்று நினைத்தேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

இப்போது அந்த நாய் நான் குசினிக்குப் போனால் வருகிறது, கிணற்றடிக்குப் போனால் வருகிறது. ஒருநாளைக்கு ஐந்தாறு முறை எனக்கு முன்னால் குந்தியிருந்து முகத்தைப் பார்க்கிறது. "எனக்கு ஒண்டுமில்லை, போ" என்கிறேன். போவதில்லை. கறிச்சட்டியின் மூடி விழுந்தால் நான் இவருடைய முகத்தைப் பார்க்கிறேன், அது என் முகத்தைப் பார்க்கிறது. எனக்குப் பயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அலுவல் என்றுதான் நினைத்திருந்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. சொல்லாமல் இருக்க உனக்கு நல்லாய்த் தெரியும்தானே.

அக்கா
சிசிலியா


வவுனியா,
27.08.2025

அன்புள்ள அக்கா,

மனம் ஆறியிருக்கிறதா? இரண்டு விசயம் எழுதவேண்டும்.

ஒன்று. அந்தப் பதுங்குகுழியில் அத்தானும் நானுமாகப் பத்துப் பேர் இருந்தோம். இரண்டு பேர்தான் வெளியே வந்தோம். போனில் நாங்கள் கதைப்பது மற்ற எட்டுப் பேருடைய பெயர்களை. ஆளுக்கு நாலு பெயராய்ச் சொல்லிப் பார்ப்போம், மறந்துபோகாமல். அத்தான் எங்கள் படலைக்கு வந்தது என்னைத் தேடியல்ல. அப்போது நான் தடுப்பு முகாமில் இருந்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வந்தவர். வந்த இடத்தில் உங்களைக் கண்டுவிட்டு ஒரு கிழமையாக ஏதாவது சாட்டுச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்தாராம். அதைச் சொல்லித்தான் நீங்கள் போன் எடுத்த அன்று சிரித்தோம். உண்மையில் எரிச்சல் எனக்குத்தான் வரவேண்டும். எனக்குப் பதகளிப்பு வந்தால் பிடரியைப் பிடிக்க ஒருவருமில்லை.

மற்றது. உங்கள் கடிதத்தில் வயிறு எரிகிறது என்று எழுதிய அந்தக் கிழமைதான், உங்கள் துணி முதன்முதலாக அமைதியாக இருந்தது. அந்த மூன்றாவது போத்தலுக்கு முன்னால் மட்டும் ஜூலி உட்காரவில்லை. மனம் எரிந்தாலும் உடம்பு காவல் நிற்கவில்லை. அத்தான் வீட்டில் இல்லை, அதனால். இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது. நாய் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் தரமுடியுமாம். அத்தானின் உண்மையான துணிகளை அனுப்பினால் ஜூலியைத் திருப்பி எடுத்து, உங்கள் மணத்தை மறக்கப் பண்ணி, அத்தானுடையதைப் பழக்குவோம். நாலு மாதமாகும். முடிவு உங்களுடையது.

உங்கள் தங்கை
றொசாந்தி


குருநகர்,
30.09.2025

அன்பின் தங்கச்சி றொசாந்திக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன், மூன்று முறையும் அழுதேன், பிறகு மீன் வாங்கப் போனேன். அந்த எட்டுப் பெயரையும் எனக்கு ஒருநாள் எழுதி அனுப்பு.

நாலு போத்தல் வருகிறது. இந்த முறை அவருடைய பிடரியில் துணியை வைத்துத்தான் எடுத்தேன், ஆண்டவர் சாட்சி. கோவில் கொடியேற்றத்து வெடிக்கு இரண்டு, மற்ற இரண்டும் கரையில். ஜூலியைக் கூட்டிக்கொண்டு போக ஆளை அனுப்பு. என்னுடைய மணத்தை மறக்கப் பண்ணு. அவருக்கென்று வந்தது அவருக்கே போகட்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அது போய்விட்டால் குசினி வெறுமையாக இருக்கும். பாவம், அதுக்கு முள்ளெடுத்த சூடைமீன் விருப்பம். சட்டத்தை மீறி நான் வைத்ததுதான்.

இவர் தானே பெட்டியைப் பஸ்ஸில் போட வருகிறேன் என்கிறார். நாங்கள் சேர்ந்து போகிறோம்.

என்றும் உன் அக்கா
சிசிலியா


யாழ்ப்பாணம் பஸ் நிலையம்,
30.09.2025

றொசாந்திக்கு,

நலம். நீரும் நலமாக இருக்கவேண்டும். எழுதிப் பழக்கமில்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

சிசிலியா தேத்தண்ணிக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் வர முதல் இதை எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறேன். அவளுடைய கடிதத்தை நான் வாசிக்கவில்லை. போத்தல் நாலையும் திறந்து துணிகளை எடுத்துவிட்டேன். வெறும் போத்தல்தான் உமக்கு வருகிறது.

இந்த மாதம்தான் முதன்முறையாக என் பிடரியில் துணி பட்டது. இதற்கு முதல் எப்போதும் அவளுடைய கைதான் பட்டது. அப்படியென்றால் இவ்வளவு நாளும் உங்களுக்கு வந்த துணி யாருடையது என்று யோசித்தேன். நாய் யாரிடம் போகிறது என்று பார்த்தேன். விளங்கிவிட்டது. அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பயப்படுவாள்.

உள்ளதைச் சொன்னால் அந்த நாயோடு எனக்குப் பொறாமை. பதினொரு வருடம் ஒரே கூரைக்குள் இருந்த எனக்குத் தெரியாதது, வந்த அன்றே அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வரும்போது நான் அவளுடைய கையைத் தேடுவேன், முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது ஜூலி எழுந்து அவளிடம் போனால் நானும் பின்னால் போகிறேன். போய், "என்ன சிசிலியா, பயந்திட்டியோ?" என்று கேட்கிறேன். முதல் இரண்டு நாளும் "இல்லை" என்றாள். மூன்றாம் நாள் "ஓம்" என்றாள்.

ஜூலியைத் திரும்பவும் பழக்க எடுக்கப்போகிறீர்கள் என்று மட்டும் சிசிலியா சொன்னாள், எடுக்கவேண்டாம். அவளுடைய மணத்தை அது மறக்கவும் வேண்டாம். எனக்கு நாய் தேவையில்லை என்று பொறுப்பாளரிடம் சொல்லும். எனக்கு எப்போது வரும் என்று சொல்ல அவள் இருக்கிறாள். அவளுக்கு வருகிறது என்று எனக்குச் சொல்லத்தான் இவ்வளவு காலமும் ஒருவரும் இருக்கவில்லை.

இப்படிக்கு,
கொலின்ஸ்